மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்று

எண் 12
ஜூலை 3, திங்கள், இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? மாமா நலமா? நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட். அப்பா தூங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். குறட்டை நிற்கும்போதெல்லாம் பேனாவையும் நிறுத்திவிடுகிறேன். நடுவில் எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாய். கிழித்துவிட்டேன் என்று நானும் ஒவ்வொரு தடவையும் பதில் எழுதினேன். ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. பதினொன்றும் இருக்கிறது. நீயும் மாமாவும் உங்கள் கடை வாசலில் நிற்கிற அட்டைப் படமும் இருக்கிறது.

எங்கே என்று கேட்பாய். அப்பாவின் பாட்டுப்பெட்டிக்குள்.

கத்தாதே. யோசித்துத்தான் வைத்தேன். நீ போன பிறகு அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் பை, அலமாரி, தலையணை உறை எல்லாவற்றையும் பார்க்கிறார். கடைகளுக்குப் போய்த் தராசையும் எடைக்கற்களையும் சோதிப்பார் இல்லையா, அதே மாதிரிதான். நிதானமாக, ஒரு வார்த்தை பேசாமல், எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். அம்மாவின் ஃபோனையும் தினம் வாங்கிப் பார்க்கிறார். அவர் பார்க்காத ஒரே இடம் அவருடைய இடம்தான். அந்தப் பெட்டியை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. அதன் அடியில் ஆறு பெரிய பேட்டரி போடுகிற அறை ஒன்று இருக்கிறதே, வயர் சொருகி ஓட்டுவதால் அது எப்போதும் காலி. அவர் ஆபீசில் இருக்கும்போது பெட்டியைக் கவிழ்த்து, மூடியைத் தள்ளி, மடித்த கடிதத்தைச் செருகிவிட்டு, பழையபடி வைத்துவிடுவேன். கைப்பிடி சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். அதுகூட எனக்கு மனப்பாடம்.

இப்போது பெட்டிக்கு உடம்பு சரியில்லை. ஒரு மாதமாகப் பாட்டு இழுக்கிறது. ரெக்கார்டில் பாடுகிற அம்மாவின் குரல், ஜலதோஷம் பிடித்த ஆம்பளை பாடுவதுபோல இருக்கிறது. நம் அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. நேற்று சாயங்காலம் ரெக்கார்டின் ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒன்றை ஒட்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, என்னைக் கூப்பிட்டார்.

"இங்க உக்காரு. இந்தக் காகிதம் ஊசியைத் தாண்டுற ஒவ்வொரு தடவையும் எண்ணு. மூணு நிமிஷத்துல நூறு சுத்து வரணும். ஒண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

எண்ணினேன். தொண்ணூற்று நாலுதான் வந்தது. அதைச் சொன்னால் பெட்டியைப் பிரித்துவிடுவார். "நூறுப்பா" என்று சொல்லிவிட்டேன்.

என்னையே பார்த்தார். "நானும்தான் எண்ணினேன். தொண்ணூத்தி நாலு."

"நடுவுல விட்டுட்டேன்பா."

"விட்டா கொறையும். கூடுமா?"

காகிதத்தை மெதுவாக உரித்து, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை, அக்கா.

இன்று காலையில் சாப்பிடும்போது பேச்சு எழுந்தது.

"புதுசு வாங்கிடுங்களேன். எத்தனை நாள்தான் இதைக் கட்டிக்கிட்டு அழுவீங்க?" என்றாள் அம்மா.

"இதுக்கென்ன குறை? ஷெல்ஃப்ல அடக்கமா உக்காந்திருக்கு. புதுசுன்னா தட்டு தனி, ஸ்பீக்கர் தனி, அதுக்கு இது தனி. வீட்டையே எழுதி வெக்கணும்."

"அப்ப ரிப்பேர் பண்ணுங்க."

"யாரை வெச்சு? இந்த ஊர்ல இருந்தது ஒரே ஒருத்தன்..." என்று நிறுத்திக்கொண்டார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வருஷத்துல மூணு ஊசி தேயுமா? அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்" என்றார்.

அம்மா தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். மாமா ஊசி மாற்ற வந்த நாட்களை நினைத்து நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

பெரிய வீதியில் இருக்கிற எலக்ட்ரிக் கடையில் பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கலாமாம். இன்னும் முடிவாகவில்லை. காலையில் "மாத்திடலாம்" என்கிறார். சாயங்காலம் பெட்டியைத் துடைத்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்கிறார். மாற்றினால் உன் கடிதங்கள் கடைக்காரர் கைக்குப் போகும். மாற்றாமல் பிரித்துப் பார்த்தால் அப்பா கைக்குப் போகும்.

"அவளோட ஒட்டும் உறவும் வெச்சுக்கிறவங்க அவளோடவே போயிடலாம்" என்று நீ போன அன்றைக்குச் சொன்னாரே, அது அம்மாவுக்கு மட்டும் சொன்னது இல்லை. அவர் மேசை டிராயரில் ஒரு ஹாஸ்டல் ஃபாரம் இருக்கிறது. என் பிறந்த தேதி, வகுப்பு எல்லாம் அவர் கையால் எழுதியிருக்கிறது. கையெழுத்து மட்டும் பாக்கி.

குறட்டை நின்றுவிட்டது. பதிலை எப்போதும்போலத் தையல்கடை அக்கா விலாசத்துக்கே போடு. பள்ளி விட்டு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். சீக்கிரம் போடு.

உன்,
சிட்டு


எண் 12
ஜூலை 6, வியாழன்

என் சிட்டுக்கு,

உன் கடிதம் கையில் வந்ததும் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கழுதை, கிழிக்கச் சொன்னேனா, சேர்த்து வைக்கச் சொன்னேனா? பதினொரு தடவை பொய் எழுதியிருக்கிறாய். அதையும் எண் போட்டு எழுதியிருக்கிறாய். பால் ரசீதுக்கும் எண் போடுகிற வீட்டில் பிறந்துவிட்டு வேறு எப்படி இருப்போம்?

என் முகத்தைப் பார்த்து உன் மாமா என்னவென்று கேட்டார். ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அப்பா புதுசு வாங்கலாமா என்று யோசிக்கிறார் என்று மட்டும் முதலில் சொன்னேன்.

"அந்தப் பெட்டியையா? அடப்பாவமே. அது தங்கமான மோட்டார்டி. உங்க அப்பாவுக்கும் எனக்கும் இந்த ஒரு விஷயத்துலதான் கருத்து ஒத்துப்போச்சு. எதுக்கு மாத்தறாராம்?"

"மெதுவா ஓடுதாம். மூணு நிமிஷத்துக்குத் தொண்ணூத்தி நாலு."

"எண்ணிட்டாரா?" என்று சிரித்தார். "திடீர்னு ஏன் மெதுவாகணும்? உள்ள ஏதாவது விழுந்துச்சா?"

பேட்டரி அறையில் நீ வைத்திருப்பதைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அந்த அறைக்கும் மோட்டாருக்கும் நடுவுல இருக்கிறது ஒரு தகடு. நகத்தோட கனம்கூட இருக்காது. பதினோரு கடிதம், அதுல ஒரு அட்டைப் படம் வேற. தகடு உப்பிப் போய், தட்டைச் சுத்துற பெல்ட்டுல உரசுது. வேற ஒரு கோளாறும் இல்லை."

பெட்டிக்கு ஒன்றுமில்லை, சிட்டு. நான் ஒவ்வொரு கடிதமாகப் போடப் போட, அப்பாவின் பாட்டு மெதுவாகிக்கொண்டே வந்திருக்கிறது.

சனிக்கிழமை அப்பா ஆபீஸ் போனதும் எல்லாவற்றையும் எடுத்துவிடு. ஒன்று விடாமல். எடுத்ததும் அடுப்பில் போடு, படம் உட்பட. பெட்டி பழையபடி ஓடிவிட்டால் புதுசு வாங்குகிற பேச்சே எழாது. பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கலாமாம், ஆனால் காதுக்குத் தெரியாதாம். அப்படி மாமா சொல்கிறார். அப்பாவை இவருக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

அப்பாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே. நீயாகக் கேட்பதுபோலக் கேட்டு எழுது.

இந்தக் கடிதத்தையாவது கிழி.

அன்புடன்,
அக்கா


எண் 13
ஜூலை 11, செவ்வாய், இரவு

அன்புள்ள அக்கா,

எல்லாம் கெட்டுவிட்டது.

சனிக்கிழமை அப்பா ஒரு மணிக்குமேல்தான் வருவார். அம்மா ராத்திரி வேலை முடிந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டு இருந்தாள். பதினொரு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். எல்லாம் உள்ளே இறுகிப்போய் இருந்தது. விரலை விட்டு இழுத்தால் மூலைதான் கிழிந்து வருகிறது. எப்படியோ மேலே இருந்த நாலை எடுத்துவிட்டேன். அடுத்ததைப் பிடித்து இழுக்கும்போது கேட் சத்தம் கேட்டது.

கடிதங்களைப் பாவாடை இடுப்புக்குள் செருகிக்கொண்டு, மூடியைத் தள்ளி, பெட்டியை நிமிர்த்தினேன். திரும்பினால் அப்பா வாசற்படியில் நிற்கிறார். கையில் செருப்பு. என்றைக்கும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரமாட்டார், அக்கா. வார் அறுந்துவிட்டதாம், அதனால் சீக்கிரம் வந்தாராம்.

"என்ன பண்றே?"

"தூசி தட்டறேன்பா."

"துணி எங்க?"

என் கையில் துணி இல்லை. சட்டைக் கையால் பெட்டியின் மேல்பக்கத்தைத் துடைத்துக் காட்டினேன். மூச்சு விட்டால் இடுப்பில் காகிதம் நொறுங்குகிற சத்தம் வருகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் கைகால் கழுவப் போகும்வரை நின்றேன். அப்புறம் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டுதான் அழுதேன்.

சாயங்காலம் மறுபடி ரெக்கார்டில் காகிதம் ஒட்டினார். இந்தத் தடவை என்னை எண்ணச் சொல்லவில்லை. அவரே எண்ணினார். தொண்ணூற்றெட்டு.

"அட, தேறிடுச்சே!" என்றாள் அம்மா. "பாத்தீங்களா, அதுவா சரியாயிடுச்சு."

அப்பா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷமா தராசு பாக்கறேன். தானா சரியான தராசை நான் பாத்ததே இல்லை. நேத்து கொறைச்சலா நின்னது இன்னைக்கு நேரா நின்னா, அடியில யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். அப்புறம், "கைப்பிடி எப்பவும் சுவர்ப்பக்கம் இருக்கும். இன்னைக்கு வாசலைப் பாத்து இருந்துச்சு" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவருடைய ஆபீஸ் சாவிக் கொத்தில். சாயங்காலம் பாட்டுக் கேட்கும்போது மட்டும் திறக்கிறார். கேட்டு முடிந்ததும் பூட்டுகிறார். மீதி ஏழு கடிதமும் உங்கள் படமும் உள்ளேயே இருக்கின்றன. அவர் பாட்டுக் கேட்கிற ஒரு மணி நேரமும் நான் எதிரில் உட்கார்ந்து பாடம் படிப்பதுபோல நடிக்கிறேன். ஒரு வரி ஏறுவதில்லை.

நேற்று முடிவைச் சொல்லிவிட்டார். மாற்றுவதாம். இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை கடைக்காரர் புதுசை வீட்டுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டப் போகிறாராம்.

"ஆனா பழசை இங்கயே, என் கண்ணு முன்னாடி பிரிக்கணும். என்ன கோளாறுன்னு தெரியாம ஒரு பொருளை நான் கழிச்சுக் கட்டினது இல்லை."

எடுத்த நாலையும் நீ அனுப்பிய பன்னிரண்டாவதையும் தையல்கடை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். வெட்டுத்துணி மூட்டைக்குள் போட்டுக்கொண்டாள். எரிக்கத்தான் போனேன், அக்கா. அடுப்பைப் பற்ற வைத்தேன். முடியவில்லை.

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. என்ன செய்யட்டும்? மாமாவிடம் கேட்டுச் சொல். அலமாரிப் பூட்டைத் திறக்க வழி இருக்கிறதா?

சிட்டு


எண் 13
ஜூலை 14, வெள்ளி

கண்ணு,

பூட்டைத் திறக்கிற வேலை எதுவும் வேண்டாம். மாமாவும் அதையேதான் சொல்கிறார். திருட்டுப் பட்டமும் சேர்ந்துவிடும்.

இரண்டு ராத்திரி தூங்காமல் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அன்றைக்குப் பெட்டியைப் பிரித்ததும் பழியை என் மேல் போட்டுவிடு. அக்காதான் கட்டாயப்படுத்தி எழுதினாள், வாங்கி வைக்கவில்லை என்றால் பள்ளி வாசலுக்கே வந்துவிடுவேன் என்று மிரட்டினாள் என்று சொல். நம்புவார். என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் அவர் இப்போது நம்புவார். நான் ஏற்கெனவே வெளியே நிற்கிறவள். எனக்கு இதற்குமேல் என்ன வந்துவிடப் போகிறது? நீ உள்ளே இருக்க வேண்டும். உன் பள்ளி, உன் அறை, அம்மா, எல்லாம் உனக்கு வேண்டும்.

இன்னொன்று. இதுதான் என் கடைசிக் கடிதம். நீ படிப்பை முடித்து உன் காலில் நிற்கிறவரை நான் எழுத மாட்டேன். கோபம் இல்லை. உன் கையெழுத்தைப் பார்த்தேன். மூன்று பக்கமும் நடுங்கியிருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் வாளிமேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டு எழுதுகிற நிலைமை என்னால்தான் வந்தது. நான் வீட்டைவிட்டு வந்த அன்று எனக்கு இருந்த பயம் ஒரே ஒரு நாள் பயம். நீ ஒரு வருஷமாக அதே பயத்தில் இருக்கிறாய். இது நியாயம் இல்லை.

தைரியமாக இரு. அப்பா கேள்வி கேட்டால் கண்ணைப் பார்த்துப் பதில் சொல். தரையைப் பார்த்தால் அவர் விடமாட்டார்.

உன் அக்கா


எண் 14
ஜூலை 20, வியாழன், இரவு

அக்கா,

உன் கடிதம் திங்கட்கிழமையே கிடைத்துவிட்டது. கோபத்தில் மூன்று நாள் பதில் எழுதவில்லை.

நிறுத்திவிடுவாயாமே? யாரைக் கேட்டு? ஹாஸ்டலுக்குப் போக எனக்குப் பயம்தான். ஆனால் அங்கே போனாலும் உன் கடிதம் வரும் என்று நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உன் கடிதமும் நின்றுவிட்டால் இந்த வீட்டில் இருந்து மட்டும் எனக்கு என்ன?

நீ மிரட்டினாய் என்று என்னால் சொல்ல முடியாது. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பும்படியாக இல்லை. அப்பா முன்னால் எப்படிச் சொல்வேன்?

நாளை மறுநாள் சனிக்கிழமை. இன்று சாயங்காலம் பாட்டு முடிந்ததும் அப்பா பெட்டியை உடனே பூட்டவில்லை. கொஞ்ச நேரம் மூடிமேல் கை வைத்துக்கொண்டு இருந்தார். நான் இப்போதே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

இதற்காவது பதில் போடு.

சிட்டு


எண் 15
ஜூலை 25, செவ்வாய், மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

உறைமேல் இருக்கிற கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. அப்பாவின் கையெழுத்துதான். ஆனால் உள்ளே இருப்பது நான் எழுதியதுதான். யாரும் சொல்லி எழுதவில்லை.

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இன்று பள்ளி விட்டு வரும்போதுகூடத் தையல்கடையில் கேட்டேன். பரவாயில்லை. நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கடைக்காரர் வந்துவிட்டார். நல்ல மனுஷர், வாய்தான் ஓயாது. இரண்டு அட்டைப்பெட்டி நிறையச் சாமான். தட்டை ஒரு பக்கம், ஸ்பீக்கர்களை இரண்டு பக்கம் வைத்து, வயரெல்லாம் சொருகி ஓட்டிக் காட்டினார். அக்கா, அந்தப் பாட்டில் பின்னால் யாரோ தாளம் தட்டுகிற சத்தம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. அப்பா காகிதம் ஒட்டி எண்ணினார். சரியாக நூறு.

"என்ன சார், ஒண்ணு கூடுதலா?" என்று கடைக்காரர் கண்ணடித்தார்.

"இல்லை. சரியா இருக்கு." அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப அந்தத் தாத்தாவை எடுத்துட்டு வாங்க, வண்டில ஏத்திடறேன்."

"பிரிச்சுப் பாத்துட்டு."

"அதை எதுக்கு சார் பிரிச்சுக்கிட்டு? வயசாயிடுச்சு, அவ்வளவுதான். நமக்கும் ஆகலையா?"

அப்பா அலமாரியைத் திறந்து பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தார். கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டு இருந்தாள். கடைக்காரர் மூடிமேல் விரலை வைத்ததும் நான் சொல்லிவிட்டேன்.

"அப்பா, பெட்டி மேல தப்பு இல்லை. நான்தான். அக்கா கடிதமெல்லாம் அதுக்குள்ள இருக்கு."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. கடைக்காரர் திருப்புளியை அப்படியே கீழே வைத்துவிட்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. "நீங்க கிளம்புங்க. அப்புறமா ஆள் அனுப்பறேன்" என்று அவரிடம் சொன்னார். அந்த மனுஷர் வந்ததைவிட வேகமாக எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்விட்டார். திருப்புளியைக்கூட மறந்துவிட்டார்.

அப்பா மூடியைத் தள்ளினார். ஒவ்வொன்றாக எடுத்தார். சுருக்கத்தை நீவி, எண் வரிசையில் அடுக்கினார். ஒன்றிலிருந்து ஏழு வரை.

"எட்டுல இருந்து பதினொண்ணு எங்க?"

உன் கடிதங்களில் நீ எழுதியதில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல், அந்த மூலையில் இருக்கிற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, என்னவோபோலவும் இருந்தது.

"தையல்கடையில இருக்குப்பா. பன்னெண்டு, பதிமூணுகூட இருக்கு."

"தொண்ணூத்தி நாலை நூறுன்னு சொன்னது இதுக்குத்தானா?"

"ஆமாப்பா."

"அவ எழுதச் சொன்னாளா?"

நீ சொல்லிக்கொடுத்ததைச் சொல்லியிருக்கலாம். "இல்லை. நான்தான் மொதல்ல எழுதினேன்" என்றேன். அதுதானே உண்மை.

அடுக்கிய ஏழு கடிதங்கள்மேலும் விரலை வைத்தார். "இதுல என்னைப் பத்தி இருக்கா?"

"இருக்குப்பா. மூட்டு வலி எப்படி இருக்கு, மாத்திரை போடறீங்களான்னு."

"எல்லாத்துலயுமா?"

"ஏழாவதுல இல்லை. அதுல உங்களைத் திட்டியிருக்கா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா ஏழாவதை மட்டும் தனியாக எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, பிரிக்காமல் திருப்பி அடுக்கினார். கடைசியில் உங்கள் படம். அதைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"கடைப் பலகையைக் கோணலா மாட்டியிருக்கான்" என்றார். அவ்வளவுதான். எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. ஹாஸ்டலுக்கு எதை எடுத்துக்கொண்டு போவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். பள்ளியிலிருந்து வரும்போது தெருமுனையில் நின்று, வாசலில் என் பை வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெட்டியை ஓட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை, ஆனாலும் அதே தொண்ணூற்றெட்டு. மாமா சொன்னதுபோலப் பெல்ட் தளர்ந்துவிட்டது. மாமாவுக்குக் காதில் விழாதது அப்பாவுக்கு விழுந்துவிட்டது.

"கடைக்காரருக்கு ஆள் அனுப்பட்டுமா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். "அதான் நல்லா இருந்துச்சே."

"வேண்டாம். கோளாறு என்னன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு பெல்ட்டுக்காக யாராவது பெட்டியை மாத்துவாங்களா?"

"பெல்ட்டுக்கு எங்க போவீங்க?"

அப்பா எழுந்து போய்விட்டார்.

நேற்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் பெட்டி திறந்து கிடந்தது. கடைக்காரர் விட்டுப்போன திருப்புளியால் அவரே பிரித்திருந்தார். கழற்றிய பெல்ட்டை நூலால் சுற்றி அளந்து, நூலை அளவுகோலில் வைத்து, எழுதி, மறுபடி அளந்தார். மூன்று தடவை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அவ விலாசம் என்ன?"

உங்களை ஏதாவது செய்யப் போகிறாரோ, போலீசோ வக்கீலோ என்று என்னென்னவோ ஓடியது. சொன்னேன். சொல்லச் சொல்ல உறைமேல் எழுதினார். கடை எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லி, சரிபார்த்துக்கொண்டார்.

"பெல்ட்டை மட்டும் தபால்ல அனுப்பச் சொல்லு. ஆள் வர வேண்டாம்" என்றார். "இனிமே எதையும் இந்தப் பெட்டிக்குள்ள வெக்காதே. மோட்டார் கெட்டுடும்."

எழுதக்கூடாது என்று சொல்லவில்லை, அக்கா. நான் காத்துக்கொண்டே நின்றேன். சொல்லவே இல்லை.

ஹாஸ்டல் ஃபாரம் இன்னும் டிராயரில்தான் இருக்கிறது. இன்று காலையும் பார்த்தேன். எனக்குப் பயம் போய்விடவில்லை. இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வெளிச்சத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா எதிரில் பேப்பர் படிக்கிறார். அவர் பக்கம் புரட்டும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அதனால் இதிலும் எழுத்து கோணல்தான்.

அளவு எழுதிய சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் பயன்படாது என்று அடிக்கோடு போட்டிருக்கிறார். இந்த அளவு மாமாவுக்கு மனப்பாடம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் சீட்டு கிடைத்தது என்று பதிலில் கட்டாயம் எழுது. பதிலை வீட்டு விலாசத்துக்கே போடு.

பெல்ட் வந்தால் உங்களுக்கு மாட்டத் தெரியுமா என்று அம்மா இன்று காலையில் கேட்டாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு இருந்தார்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

எதையுமே அப்புறம் பார்க்கலாம் என்று அப்பா சொல்லி நீ கேட்டிருக்கிறாயா, அக்கா? நான் கேட்டதில்லை.

உன்,
சிட்டு